சத்தம் கேட்டுச்சு… பறவை எது?

ஐ.வி.க்கு வால்பாறையோ ஊட்டியோ மூணாறோ போகாத பேட்ச் நம்ம காலேஜ்ல இருக்காது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸுக்குள்ள ஸ்பீக்கர் ஓடுற வரைக்கும் வெளியே என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. டீ குடிக்க இறங்கி, டிரைவர் அண்ணா இன்ஜினை ஆஃப் பண்ணினதும்தான் காடு கேட்க ஆரம்பிக்கும். மரத்து உச்சியிலிருந்து ஒரு குரல், புதருக்குள்ளிருந்து ஒரு குரல், கீழே ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஹாஸ்டல் ஜன்னலில் தினமும் கேட்கிற காக்கா, மைனா, அணில் எதுவும் அதில் இருக்காது.

அந்த நேரத்தில் பொதுவாக ரெண்டு விஷயம்தான் நடக்கும். ஒண்ணு, "ஏதோ குருவிடா" என்று விட்டுவிடுவோம். இல்லையென்றால் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, அது காட்டுகிற பெயரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டோரி போட்டுவிடுவோம். இந்த ரெண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. புது ஊரில் கேட்கிற குரலை நாமே விசாரித்து, எது என்று ஒரு முடிவுக்கு வருவது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு வால்பாறையை எடுத்துக்கொள்வோம். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

தப்பாச் சொன்னா என்ன ஆகிடும்?

நியாயமான கேள்வி. பரீட்சையா, மார்க் போகுமா?

2023இல் 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' என்ற அறிக்கை வந்தது. இந்தியப் பறவைகளில் எது குறைகிறது, எது கூடுகிறது, எதைக் காப்பாற்ற உடனே கவனம் வேண்டும் என்று 942 இனங்களை அலசிச் சொன்ன அறிக்கை. அதில் 178 இனங்கள் அதிகக் கவனம் தேவைப்படுபவை என்று வந்தது. இந்தக் கணக்குக்கான டேட்டா எங்கிருந்து வந்தது தெரியுமா? 30,000க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் 'இபேர்ட்' என்ற தளத்தில் ஏற்றிய பட்டியல்களிலிருந்து. மாணவர்கள், ஆசிரியர்கள், ரிட்டயர் ஆனவர்கள், நம்மைப் போல டூர் போனவர்கள்.

அப்படியென்றால் நீங்க வால்பாறையில் ஒரு பறவையைக் கேட்டேன் என்று பதிவு செய்வதும் அந்தக் கணக்குக்குள் போகலாம். நல்ல பதிவு என்றால் உதவி. ஆப் சொன்னதை அப்படியே ஏற்றின தப்பான பதிவு என்றால், இல்லாத பறவை இருப்பதாக ஆகிவிடும். தப்புகளைப் பிடிக்க அங்கே சரிபார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அரிய பறவை என்றால்தான் அவர்கள் கண்ணில் மாட்டும். சாதாரணமான பெயரைத் தப்பாகப் போட்டால் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே பாடத்தைக் கொஞ்சம் சீரியஸாகவே எடுத்துக்கொள்வோம்.

படி 1: கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் குரல்கள்

புது மொழி கத்துக்க ஆசைப்படுகிறவருக்குத் தாய்மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். இங்கேயும் அப்படித்தான். காலேஜில் கேட்கிற 10 குரல் தெரியாமல் மலையில் போய் 30 குரலைப் பிரிக்க முடியாது.

சமவெளியில் இருக்கிற எந்தக் கேம்பஸிலும் இந்தப் பட்டியல் பெரும்பாலும் கிடைக்கும்: காகம், மைனா, குயில், செம்போத்து, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தையல் சிட்டு, தேன்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான், பச்சைக்கிளி, கரிச்சான், ஆள்காட்டி. கூடவே அணில். ஆமாம், அணில் பறவை இல்லை. ஆனால் 'ச்சிக் ச்சிக் ச்சிக்' என்று பத்து நிமிஷம் நிறுத்தாமல் கத்துகிற அணிலைப் பறவை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அதனால் அதையும் பட்டியலில் சேருங்க.

இதெல்லாம் எதுக்கு? மலையில் கேட்கிற குரலை நீங்க விவரிக்கப் போவது இவற்றை வைத்துத்தான். "தையல் சிட்டு மாதிரி, ஆனா இன்னும் மெதுவா." "குக்குறுவான் மாதிரி, ஆனா முன்னாடி ஒரு உருட்டல் இருக்கு." இப்படி ஒரு அளவுகோல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: போகிற ஊருக்கு ஒரு குட்டிப் பட்டியல்

இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. எல்லாக் குரலையும் மனப்பாடம் பண்ண முடியாது, தேவையும் இல்லை. நீங்க போகிற இடத்தில், போகிற மாதத்தில், அடிக்கடி கேட்கிறவை 20 இருக்கும். அந்த 20 போதும்.

இபேர்ட் தளத்தில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பறவை எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று பட்டை பட்டையாக ஒரு படம் வரும். பட்டை தடிமனாக இருந்தால் அடிக்கடி பதிவாகிற பறவை. மெலிதாக இருந்தால் அபூர்வம். பட்டையே இல்லாத மாதத்தில் அந்தப் பறவை அங்கே பதிவாகவே இல்லை. தடிமனான பட்டை இருக்கிற 20 பெயரை எழுதிக்கொள்ளுங்க. அப்புறம் 'ஜீனோ-கான்ட்டோ' என்ற தளத்துக்குப் போங்க. 2005இலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் பதிவுசெய்த பறவைக் குரல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தரம் போட்டிருப்பார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தது, பாட்டா, சாதாரண அழைப்பா, அபாய ஒலியா என்றும் இருக்கும். வேறு நாட்டுப் பதிவை விட்டுவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்ததையே கேளுங்க. ஒரே இனம்கூட இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றிப் பாடும்.

மாதத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ரெண்டு காரணம்.

முதல் காரணம், வலசை. கிரீனிஷ் வார்ப்ளர் என்ற சின்னக் கதிர்க்குருவி குளிர்காலத்தில்தான் இங்கே இருக்கும். டிசம்பரில் மலையில் போய் நின்றால் மரத்துக்கு மரம் 'ச்சி-ச்விட்' என்று இது கூப்பிடுவது கேட்கும். ஜூனில் அதே மரத்தடியில் நின்று அதே பெயரை எழுதினால் நிச்சயம் ஏதோ தப்பு.

ரெண்டாவது காரணம், இனப்பெருக்கக் காலம். இருக்கிற பறவை எல்லா மாதமும் பாடாது. சீகாரப் பூங்குருவி வருஷம் முழுக்க மலை ஓடைகளில் இருக்கும். ஆனால் அதன் நீளமான பாட்டு மழைக்காலத்தில், விடியற்காலையில்தான் அதிகம் கேட்கும். டிசம்பரில் போகிறவருக்கு ஓடைப் பக்கத்திலிருந்து 'க்ரீ' என்று கூர்மையான ஒற்றைக் குரல்தான் பெரும்பாலும் கிடைக்கும். பாட்டை மட்டும் படித்துவிட்டுப் போனால் பறவை எதிரில் இருந்தாலும் தெரியாது. எனவே ஒவ்வொரு பறவைக்கும் பாட்டு ஒன்று, சாதாரணக் குரல் ஒன்று என்று ரெண்டையும் கேட்டு வையுங்க.

படி 3: கேட்கும்போது ஐந்து கேள்வி

இப்ப மலைக்கு வந்தாச்சு. ஒரு குரல் கேட்கிறது. போனை எடுக்காதீங்க. முதலில் இந்த ஐந்தையும் மனசுக்குள் கேளுங்க.

ஒன்று, எத்தனை சொட்டு? ஒரு வரியில் எத்தனை ஒலி என்று எண்ணுங்க. குயில் குடும்பத்தைப் பிரிக்க இது ஒன்றே கிட்டத்தட்டப் போதும். அக்காக்குயில் மூன்று ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இந்தியக் குயில் என்று பெயருள்ள காட்டுக் குயில் நான்கு ஒலி. ஐரோப்பியக் கடிகாரங்களில் கூவுகிற குயில் இரண்டு ஒலி.

இரண்டு, ஏறுதா, இறங்குதா, ஒரே மட்டமா? அக்காக்குயில் ஒவ்வொரு தடவையும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்தும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடியிலிருந்து. செம்மார்புக் குக்குறுவான் 'டொக் டொக் டொக்' என்று ஒரே மட்டத்தில் பாத்திரத்துக்கு ஒட்டு போடுவதுபோலத் தட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்று, வேகமும் இடைவெளியும். சீரான தாளமா? போகப் போக வேகம் கூடுதா? ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு எவ்வளவு நேரம்?

நான்கு, குரலின் தன்மை. விசிலா, மணியா, கரகரப்பா, சிரிப்பா, உருட்டலா? மலபார் சாம்பல் இருவாச்சி கத்துவது யாரோ கட்டுப்பாடில்லாமல் சிரிப்பது மாதிரி இருக்கும். சீகாரப் பூங்குருவி பாடுவது, வேலை வெட்டி இல்லாத பையன் மெட்டு ஞாபகமில்லாமல் விசிலடித்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'விசிலடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்ற அர்த்தத்தில் செல்லப்பெயர்.

ஐந்து, எங்கிருந்து? மர உச்சியா, நடுக்கிளையா, புதரா, தரையா, தண்ணீர்ப் பக்கமா, தேயிலைச் செடிக்குள்ளா? இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் பட்டியலில் பாதியை வெட்டித் தள்ளுவது இந்தக் கேள்விதான். தரைக்குப் பக்கத்துப் புதரிலிருந்து வருகிற குரலுக்கு இருவாச்சி பெயரை யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

திசை தெரியாமல் திண்டாடினால் ரெண்டு கையையும் காதுக்குப் பின்னால் கிண்ணம் மாதிரி வைத்து, தலையை மெதுவாகத் திருப்புங்க. நம்ம காது ரெண்டுக்கும் நடுவே சுமார் 20 செ.மீ. ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். பக்கவாட்டிலிருந்து வருகிற சத்தம் ஒரு காதைவிட இன்னொரு காதுக்கு ஏறக்குறைய 0.6 மில்லி வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணக்குப் போட்டுவிடும். தலையைத் திருப்பினால் அதற்கு இன்னும் ரெண்டு மூன்று ரீடிங் கிடைக்கும். சில பறவைகள் பருந்தைக் கண்டால் எழுப்புகிற மெல்லிய 'ஸ்ஸீ' குரலுக்கு மட்டும் இது சரியாக வேலை செய்யாது. தொடக்கமும் முடிவும் மங்கலாக இருப்பதால் திசை பிடிபடாது. அந்தப் பறவைக்குத் தேவையும் அதுதானே.

படி 4: தமிழில் எழுதி வையுங்க

கேட்ட குரலை உடனே எழுத வேண்டும். அஞ்சு நிமிஷத்தில் அடுத்த குரல் வந்து முதல் குரலை அழித்துவிடும். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச என்னை மாதிரி ஆட்களுக்குக் குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எல்லாம் பத்தாவது பரீட்சையோடு முடிந்துபோன விஷயம். ஆனால் பறவைக் குரலை எழுத அதைவிட நல்ல கருவி கிடைக்காது. குறுகிய ஒலிக்குக் குறில், இழுக்கிற ஒலிக்கு நெடில். தட்டுகிற மாதிரி இருந்தால் வல்லினம், முனகல் மாதிரி இருந்தால் மெல்லினம், உருட்டலுக்கு ர, ற. 'டொக்' என்று எழுதினாலே அது குறுகியது, கடினமானது, சட்டென்று முடிவது என்று மூன்று தகவல் உள்ளே இருக்கிறது. 'கூ' என்று எழுதினால் நேர் எதிர்.

நம்ம ஊரில் பறவைக்குப் பெயர் வைத்தவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். குக்குறுவான் என்ற பெயரே அதன் குரல். காக்கா என்பதும் அப்படித்தான். அக்காக்குயிலின் பெயரிலும் அது கூப்பிடுகிற விதம் இருக்கிறது. ஆள்காட்டி என்ற பெயர் வேறு வகை: ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆறுமணிக் குருவி. குளிர்காலத்துக்குத் தெற்கே வந்து, விடியலிலும் அந்தியிலும் ரெண்டு ஒலியில் விசிலடிக்கிற பறவை. எப்போது கேட்கும் என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஆகவே போகிற ஊரில் எஸ்டேட்டில் வேலை செய்கிற அக்காவோ, காட்டு வழி காட்டுகிற அண்ணாவோ இருந்தால், "இது என்ன சத்தம்ணா?" என்று கேட்டுப் பாருங்க. அவர்கள் சொல்கிற பெயர் புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த மாதம் கேட்கும், எந்த மரத்தில் உட்காரும் என்ற தகவல் அவர்களிடம் இருக்கும்.

படி 5: குரலைக் கண்ணால் பாருங்க

டி.எஸ்.பி. பேப்பரில் எஃப்.எஃப்.டி. படித்தவர்கள் இப்போது நிமிர்ந்து உட்காரலாம். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு, வரிசையாக ஒட்டினால் வருவதுதான் ஸ்பெக்ட்ரோகிராம். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், எவ்வளவு அழுத்தமான நிறமோ அவ்வளவு சத்தம்.

இதைப் படிக்கப் பத்து நிமிஷப் பழக்கம் போதும். சுத்தமான விசில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். சுருதி ஏறினால் கோடும் ஏறும். கரகரப்பான குரல் பெரிய பட்டையாகப் பரவித் தெரியும். தட்டல் செங்குத்தான சின்னக் குச்சியாகத் தெரியும். ஒரே கோட்டுக்கு மேலே சம இடைவெளியில் ஏணிப்படி மாதிரி கோடுகள் இருந்தால் அவை ஹார்மோனிக்ஸ்.

செம்போத்தின் 'ஊப் ஊப்' படத்தின் அடியில், 1 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே கிடக்கும். சின்னப் பாட்டுப் பறவைகள் பெரும்பாலும் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள். தாழ்ந்த ஒலி இலைகளுக்கு நடுவே அதிக தூரம் போகும், உயர்ந்த ஒலி சீக்கிரம் மங்கிவிடும். எனவே தூரத்துப் பள்ளத்திலிருந்து தெளிவாக வருகிற குரல் பெரும்பாலும் படத்தின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது: போனில் வேவ் கோப்பாக, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்க. நைக்விஸ்ட் கணக்குப்படி 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடித்துவிடலாம், பறவைக்கு அது தாராளம். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக எடுத்து அனுப்பாதீங்க. அது மனிதப் பேச்சுக்காகச் சுருக்கப்படுகிற வடிவம், உயர்ந்த ஒலிகள் சிதைந்துபோகும். பதிவின் கடைசியில் உங்க குரலில் இடம், நேரம், எந்த உயரத்திலிருந்து கேட்டது என்று சொல்லிவிடுங்க. ராத்திரி ரூமுக்கு வந்து ஜீனோ-கான்ட்டோ பதிவின் படத்தையும் உங்க படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காது ஏமாந்த இடத்தைக் கண் பிடித்துவிடும்.

படி 6: ஆப்பை எவ்வளவு நம்பலாம்?

கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தின் 'மெர்லின்' ஆப்பில் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற வசதி 2021இல் வந்தது. அந்த ஊருக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். மலையில் சிக்னல் இருக்காது, எனவே பொள்ளாச்சியிலேயே இறக்கிவிடுங்க. உள்ளே நடப்பது நாம் இப்போது பார்த்த அதே விஷயம்: ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் படமாக்கி, படத்தை அடையாளம் காண்கிற நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுக்கிறது. 'பேர்ட்நெட்' என்ற இன்னொன்றும் மூன்று மூன்று வினாடித் துண்டுகளாக இதையே செய்கிறது.

நல்ல கருவிகள்தான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை.

ஒரு மலை ஊரில் குக்குறுவான் குரல் 1000 தடவை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. அதில் 990 சின்னக் குக்குறுவான், 10 மட்டும் பழுப்புத்தலைக் குக்குறுவான். ரெண்டின் குரலும் ஒரே சாயல். ஆப் 95 சதவீதம் சரியாகச் சொல்லும், 5 சதவீதம் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லும். இப்போது ஆப் 'பழுப்புத்தலை' என்று காட்டுகிறது. அது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

95 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். பொறுங்க. உண்மையான 10 பழுப்புத்தலையில் ஆப் பிடிப்பது 9.5. சின்னக் குக்குறுவான் 990இல் தப்பாகப் பழுப்புத்தலை என்று காட்டுவது 49.5. மொத்தம் 59 தடவை 'பழுப்புத்தலை' என்று வரும், அதில் உண்மை 9.5. அதாவது 16 சதவீதம். ஆறு தடவையில் ஒரு தடவைதான் சரி!

மேத்ஸ் பேப்பரில் படித்த பேய்ஸ் தேற்றம் இதுதான். பறவை எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு பலமான ஆதாரம் வேண்டும். படி 2இல் போட்ட குட்டிப் பட்டியல் இப்போது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியும். பட்டியலில் இருக்கிற பெயரை ஆப் சொன்னால் ஓரளவு நம்பலாம். பட்டியலிலேயே இல்லாத பெயரைச் சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், விசாரிக்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்க.

இன்னொரு விஷயம். அதே மரத்தில் அதே பறவை அஞ்சு தடவை கத்தி, அஞ்சு தடவையும் ஆப் அதே பெயரைச் சொன்னால் அது அஞ்சு ஆதாரம் ஆகாது. ஒரே தப்பை அஞ்சு தடவை சொல்லியிருக்கலாம். புது ஆதாரம் வேறு பக்கமிருந்து வர வேண்டும்: கண்ணால் பார்த்தது, உட்கார்ந்த இடம், ஸ்பெக்ட்ரோகிராம் ஒப்பீடு.

இந்தக் குக்குறுவான் ஜோடியையே எடுத்துக்கொண்டால், ஈரமான மலைக்காட்டிலும் எஸ்டேட் மரங்களிலும் முதலில் நினைக்க வேண்டியது சின்னக் குக்குறுவானை. 'ட்ர்ர்ர்' என்று ஒரு உருட்டலில் ஆரம்பித்து, 'குட்ரூ குட்ரூ குட்ரூ' என்று நிறுத்தாமல் போகும். ஒன்று ஆரம்பித்தால் சுற்றியிருப்பவை பதில் கொடுக்கும். கீழே இறங்கி, வறண்ட காடும் தோப்பும் வருகிற அடிவாரத்தில் பழுப்புத்தலைக்கும் இடம் கொடுங்க. 40 வளைவு இறங்குவதற்குள் வாய்ப்புக் கணக்கே மாறிவிடுகிறது.

சில சமயம் மலையே பதிலைச் சொல்லிவிடும். நீலகிரியில் சிரிப்பது மாதிரிக் கத்துகிற சிரிப்பான் ஒன்று, பழனி மலையில் அதே சாயலில் இன்னொன்று. ரெண்டும் வேறு வேறு இனம். நடுவே இருக்கிற பாலக்காட்டுக் கணவாய்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஊட்டியில் கேட்டால் ஒரு பெயர், கொடைக்கானலில் கேட்டால் வேறு பெயர். மேப் பார்க்காமல் காதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம்.

படி 7: ஏமாத்துற குரல்கள்

முதல் ஆள், துடுப்புவால் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே மிமிக்ரி செய்யும். ஒரே மரத்திலிருந்து வரிசையாக நாலு பறவைக் குரல் வந்தால், நாலு பெயரை எழுதுவதற்கு முன்னாடி ஒரு தடவை மேலே பாருங்க.

இரண்டாவது, ஜோடிப் பாட்டு. வளைந்த கத்தி மாதிரி அலகுள்ள மலைச் சிலம்பன்களில் ஆண் உருட்டிக் கூப்பிட்ட உடனே பெண் பதில் கொடுக்கும். இடைவெளியே இல்லாததால் ஒரே பறவை பாடுவதுபோலக் கேட்கும். சத்தம் ரெண்டு திசையிலிருந்து வருகிறதா என்று கவனியுங்க.

மூன்றாவது, பறவையே இல்லாதவை. மலை அணிலின் கடகடவென்ற கத்தல், கருமந்தியின் 'ஹூ ஹூ', தவளை, சில்வண்டு. ஆப்புக்கும் இவை சில சமயம் பறவையாகத் தெரியும்.

நான்காவது, வாயிலிருந்து வராத சத்தம். பெரிய இருவாச்சி தலைக்கு மேலே பறந்தால் இறக்கைக் காற்று பழைய ரயில் இன்ஜின் மாதிரி 'வுஷ் வுஷ்' என்று கேட்கும். அதை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

குரல் போட்டுக் கூப்பிடாதீங்க

இது பாடத்தில் ஒரு படி இல்லை, விதி. போனில் இருக்கிற பதிவை ஸ்பீக்கரில் போட்டால் பறவை கிட்டே வரும். ஏன் வருகிறது? தன் இடத்துக்கு வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று பதறி வருகிறது. சாப்பிட, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவழிக்கும். இருவாச்சியை நினைத்துப் பாருங்க. பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னத் துவாரம் வழியாக ஆண் கொண்டுவந்து கொடுக்கிற இரைதான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. வருஷத் தொடக்கத்திலிருந்து கோடை வரைக்கும் இதுதான் நிலைமை. நாம் ஒரு ரீல்ஸுக்காக அந்த ஆணை அலைக்கழித்தால், உள்ளே இருப்பவர்கள் பட்டினி. கேட்டுப் பழக வேண்டுமென்றால் ரூமில் ஹெட்போனில் கேளுங்க. காட்டில் ஸ்பீக்கர் வேண்டாம்.

தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க

எல்லாம் செய்தும் பெயர் கிடைக்காத குரல் இருக்கும். இபேர்ட்டில் 'குக்குறுவான் வகை, இனம் தெரியவில்லை' என்ற மாதிரிப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மீட்டரில் ரீடிங் ஆடிக்கொண்டிருந்தால் லேப் ரெக்கார்டில் என்ன எழுதுவோம்? கிடைத்ததை எழுதுவோம், எரர் எவ்வளவு என்றும் எழுதுவோம். இதுவும் அதேதான். பதிவைச் சேர்த்தே ஏற்றிவிட்டால், பின்னால் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்வார்கள்.

ஒரு வாரப் பயிற்சி

மலைக்குப் போக வேண்டாம், ஹாஸ்டல் மாடி போதும். காலை 6 மணியிலிருந்து 15 நிமிஷம். முதல் ரெண்டு நாள் போனே வேண்டாம். கேட்கிற ஒவ்வொரு குரலையும் உங்க எழுத்தில் எழுதி, ஐந்து கேள்விக்கும் பதில் போடுங்க. மூன்றாம், நான்காம் நாள் ஒவ்வொரு குரலையும் பின்தொடர்ந்து போய்ப் பறவையைக் கண்ணால் பாருங்க. குரலும் உருவமும் சேர்ந்தால்தான் மனசில் நிற்கும். ஐந்தாம் நாள் பதிவு செய்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்க. ஆறாம் நாள் ஆப்பை ஓடவிட்டு, அது சொன்னதையும் நீங்க எழுதியதையும் ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று எழுதுங்க. ஏழாம் நாள் 15 நிமிஷப் பட்டியலை இபேர்ட்டில் ஏற்றுங்க.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் கேம்பஸ்களுக்கென்றே நாலு நாள் கணக்கெடுப்பு வரும். ரெண்டுக்கும் இந்த 15 நிமிஷப் பழக்கம் அப்படியே உதவும். நம்ம கேம்பஸ் பட்டியலில் பெயர் சேர்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காலையில் எழுந்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.